ஓராண்டு டிரேடும் ஈராண்டு டிரேடும்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த கையோடு ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களின் சேர்க்கை அறிவிப்பும் வந்துவிடுகிறது. இடங்கள் எத்தனை, உதவித்தொகை எவ்வளவு, சைக்கிளும் பஸ் பாஸும் உண்டா என்பதெல்லாம் செய்தியாகின்றன. விண்ணப்பத்தில் மாணவர் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் மட்டும் யார் பேச்சிலும் அடிபடுவதில்லை. எந்த டிரேடு என்று கேட்கும் கட்டம் அது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் என்று எழுதினால் படிப்பு இரண்டு ஆண்டுகள். தையல் தொழில்நுட்பம், கோபா எனப்படும் கணினி இயக்குநர் படிப்பு, அழகுக்கலை, வெல்டர், பிளம்பர் என்று எழுதினால் ஓர் ஆண்டு. பார்ப்பதற்கு இது பாடத்திட்டத்தின் நீளம் பற்றிய சங்கதிதான். ஆனால் ஐ.டி.ஐ. படித்தவர்களில், பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்தவர்தான் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். மொழித்தாள்களை எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான சான்று கிடைப்பதும் அவருக்குத்தான். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஆகவே ஃபிட்டர் சான்றிதழிலிருந்து பி.இ. பட்டம் வரை ஓர் ஏணி நிற்கிறது. ஓராண்டு டிரேடில் சேர்ந்தவருக்கு அந்த ஏணியின் முதல் படியே இல்லை.

இப்போது யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். ஐ.டி.ஐ.க்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் தையலிலும் கோபாவிலும் சேர்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கும் திறந்திருக்கும் டிரேடுகளில் வயர்மேன் போன்ற ஒருசிலவற்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் ஓராண்டுப் படிப்புகளே. எலெக்ட்ரானிக் மெக்கானிக், சிவில் வரைவாளர் போன்ற ஈராண்டுப் பிரிவுகளில் பெண்கள் சேர்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவை விதிவிலக்குகள். தொழிற்கல்வியில் சமத்துவம் என்றால் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று கணக்குக் காட்டுகிறோம். எந்தப் பிரிவில் சேர்த்தோம், அது எங்கே கொண்டுபோய் விடும் என்ற கணக்கு அதில் வருவதே இல்லை. ஏற்றத்தாழ்வு பதுங்கியிருப்பது அந்த இரண்டாவது கணக்கில்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாநில அரசு, கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. ஒரே பள்ளியில் இரண்டு முறை வகுப்பு நடத்தினால் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்ற நிர்வாக நியாயம் அதற்கு இருந்தது. கைத்தொழிலுக்கு மதிப்புத் தரும் கல்வி என்ற இலட்சிய நியாயமும் இருந்தது. இருந்தும் பெரியாரும் தி.மு.க.வும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. தொழில் கற்பதை யாரும் எதிர்க்கவில்லை. எந்தத் தொழில் என்பதை அப்பனின் தொழில் தீர்மானிப்பதைத்தான் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். முதலமைச்சரான காமராஜரின் அரசு அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி திரும்பி வந்தது. 2023இல் மத்திய அரசு 18 கைத்தொழில்களுக்காகத் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், விண்ணப்பிப்பவர் குடும்பத் தொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு ஏற்க மறுத்தது. மாற்றாக வந்த கலைஞர் கைவினைத் திட்டம் குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்கி, குறைந்தபட்ச வயதை 35 ஆக வைத்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும், தொழிலில் ஊன்றிவிட்டவருக்குக் கடன் கிடைக்கட்டும் என்பது அதன் தர்க்கம்.

பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கக் கூடாது என்ற இந்தக் கொள்கையில் தமிழ்நாடு உறுதியாக நின்றிருக்கிறது. ஆனால் அந்தக் கொள்கையைச் சாதியோடு நிறுத்திக்கொண்டோமோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெண்ணாகப் பிறந்ததும் பிறப்புதான். காது கேளாமல் பிறந்ததும் பிறப்புதான். பதினைந்து வயதில் கணக்கில் தவறியது பிறப்பால் வந்ததல்ல என்றாலும், அதற்குப் பின்னால் பெரும்பாலும் பிறந்த வீட்டின் வறுமை நிற்கிறது. தந்தையின் தொழில் மகனின் தொழிலைத் தீர்மானிப்பதை வாசலில் மறித்தோம். தையல் மெஷின் பெண்ணுக்கு, லேத்து ஆணுக்கு என்ற பிரிவினை கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

சட்டத்தில் குறை இல்லை என்பதுதான் விசித்திரம். ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு 30 சதவீத இடம் உண்டு. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டம் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அப்ரண்டிஸ் இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. பின்னர் பிற பிற்படுத்தப்பட்டோருக்கும் அது விரிந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழிற்பயிற்சியை அவர்களுடைய உரிமையாகவே பேசுகிறது. ஆனால் ஃபிட்டர் பிரிவில் பெண்களுக்கான இடங்கள் நிரம்பாவிட்டால் அவை ஆண்களுக்குப் போகும். ஏன் நிரம்பவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஆண்டு இறுதியில் நிறுவனம் முழுமையாக நிரம்பியதாகப் பதிவாகும். ஒதுக்கீடு காகிதத்தில் நிறைவேறியபடியே, பட்டறையில் நிறைவேறாமல் போவது இப்படித்தான்.

பெண்கள் தாங்களே விரும்பித்தானே தையலைத் தேர்கிறார்கள் என்பது முதல் மறுப்பு. விருப்பத்தை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் விருப்பம் கண்டதிலிருந்துதான் முளைக்கிறது. லேத்து மெஷினைத் தொட்டுப் பார்க்காத, பெண் எலக்ட்ரீஷியனை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்காத பதினாறு வயதுப் பெண், கோபாவில் டிக் அடிப்பதை முழுமையான தேர்வு என்று சொல்ல முடியுமா? பெற்றோரின் கணக்கும் அதில் இருக்கிறது. செய்முறை வகுப்பு முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா, பட்டறைக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா, சொல்லித்தருபவர்களில் ஒரு பெண்ணாவது உண்டா, படித்து முடித்தால் எந்தக் கம்பெனி வேலை தரும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காதபோது, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய தையல் பாதுகாப்பான விடையாகிவிடுகிறது. அந்தக் கேள்விகளுக்கு அரசு விடை சொன்ன பிறகும் அவள் தையலையே தேர்ந்தால், அது விருப்பம். அதுவரை அதை விருப்பம் என்று சொல்லி நாம் கையைக் கழுவிக்கொள்ளக் கூடாது.

உடல் வலு வேண்டிய வேலை, பெண்களால் முடியாது என்பது இரண்டாவது மறுப்பு. ஃபிட்டர் வகுப்பின் முதல் வாரங்களில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த மறுப்பின் கனம் தெரிந்துவிடும். இரும்புப் பட்டை ஒன்றை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி ராவிச் சமதளமாக்க வேண்டும். இரண்டு பக்கங்களும் தொண்ணூறு பாகையில் சேர்கின்றனவா என்று மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தை நோக்கித் தூக்கிப் பிடிப்பார்கள். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். இதில் தேவைப்படுவது பொறுமை, கண், ஒரே சீரான கை. வைஸின் மேல்விளிம்பு ராவுபவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். பெஞ்ச் ஒரே உயரத்தில் தரையோடு பொருத்தப்பட்டிருந்தால், குள்ளமான பெண்ணுக்குத் தோள்பட்டை வலிக்கும். குள்ளமான ஆணுக்கும் அப்படித்தான் வலிக்கும். அதற்கு மருந்து காலடியில் போடும் ஒரு மரப்பலகை. பலகை போட மறந்துவிட்டு, பெண்ணுக்கு வலுவில்லை என்று இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இறுதியில் எல்லோரும் எழுதுவது அகில இந்திய அளவிலான ஒரே தொழில்தேர்வுதான். வெர்னியர் காலிப்பர் அளந்து சொல்லும் எண்ணுக்கு ஆண், பெண் தெரியாது. ஒதுக்கீட்டால் தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சத்துக்கும் பதில் அதிலேயே அடங்கிவிடுகிறது.

இந்த மனப்போக்கைச் சட்டமும் நெடுங்காலம் தாங்கிப் பிடித்தது. ஓடும் இயந்திரத்தைச் சுத்தம் செய்வது, எண்ணெய் இடுவது, சரிசெய்வது ஆகிய வேலைகளில் காயம் படும் ஆபத்து இருந்தால் பெண்களை விடக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம். சிறார்களையும் பெண்களையும் ஒரே வாக்கியத்தில் வைத்தது அந்தப் பிரிவு. பாதுகாப்பு நோக்கில் எழுதப்பட்டதுதான். ஆனால் மெஷினை ஓட்டலாம், பழுது பார்க்கக் கூடாது என்ற பாடத்தைத்தான் ஆலைகள் அதிலிருந்து படித்துக்கொண்டன. அதே சட்டம் பெண்களுக்கு விதித்திருந்த இரவுப் பணித் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் செல்லாது என்று அறிவித்தது. எல்லா வகை வேலைகளிலும் பெண்கள் ஈடுபடலாம், ஒப்புதலோடு இரவிலும் பணிபுரியலாம் என்று 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு சொல்கிறது. சட்டம் திருந்திவிட்டது; ஆலையின் பராமரிப்புப் பிரிவு இன்னும் திருந்தவில்லை.

கம்பெனிகள் பெண்களை எடுக்காவிட்டால் ஐ.டி.ஐ. என்ன செய்யும் என்பது மூன்றாவது மறுப்பு. தமிழ்நாட்டில் இந்த மறுப்பு நிற்காது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். திருப்பூரின் பின்னலாடை ஆலைகளையும் ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து மின்னணு ஆலைகளையும் பெண்கள் இல்லாமல் ஒரு ஷிப்ட்கூட ஓட்ட முடியாது. ஆக, பெண்கள் ஆலைக்கு லாயக்கில்லை என்று எந்த முதலாளியும் நினைக்கவில்லை. அசெம்பிளி லைனில் திருகாணி முடுக்க அவர்களைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். அதே லைன் நின்றுபோனால் கருவிப் பெட்டியோடு வரும் டெக்னீஷியன் மட்டும் ஆணாக இருக்கிறார். லைனில் இருப்பவர் சில ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஊர் திரும்புகிறார், டெக்னீஷியன் சூப்பர்வைசராகிறார். இருவருக்கும் இடையில் இருப்பது ஓர் ஈராண்டுச் சான்றிதழ். அந்தச் சான்றிதழைப் பெண்களுக்குக் கொடுப்பது தொழில்துறைக்கு நாம் செய்யும் உதவியும்தான். ஏற்கெனவே ஆலைக்குள் இருக்கும் ஆட்களிலிருந்தே அதற்குத் திறனாளர்கள் கிடைப்பார்கள்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தின் சாத்தாராவில் பிறந்து, மின்பொறியியலில் டிப்ளமோ படித்த சுரேகா யாதவ் 1980களின் இறுதியில் ரயில் எஞ்சின் ஓட்டத் தொடங்கினார். கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993இல் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டுநரானார். இருவரையும் கொண்டாடினோம். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பெண் பஸ் ஓட்டினால் அது செய்தியாக இருக்கிறது என்றால், முதல் ஆளுக்குப் பின்னால் வரிசை சேரவில்லை என்று அர்த்தம். தனி ஒருவரின் துணிச்சல் கதவைத் திறக்கும். அது சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுப்பது நிறுவனங்களின் வேலை.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. அது சமூகநீதி பேசுவோரிடமிருந்தே வருகிறது. ஏழைப் பிள்ளைகளையும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் தொழிற்கல்விக்குத் தள்ளுவதே குலக்கல்வியின் மறுபதிப்பு. எல்லோரையும் கல்லூரிக்கு அனுப்புவதே சமத்துவம் என்கிறது அது. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 2021-22 கணக்கெடுப்பின்படி இந்திய சராசரி 28.4 சதவீதமாக இருக்க, தமிழ்நாடு 47 சதவீதத்தில் நிற்பது இந்தச் சிந்தனையின் சாதனை. அதை ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் நூறில் மிச்சமுள்ள ஏறத்தாழ 53 பேருக்கு என்ன வழி என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. தொழிற்கல்வியைச் சந்தேகித்து ஒதுக்கினால் அவர்கள் சான்றிதழே இல்லாத கூலி வேலைக்குத்தான் போவார்கள். தொழிற்கல்வி இழிவாவது கையில் அரம் பிடிப்பதால் அல்ல. ஒருமுறை உள்ளே போனவர் மறுபடி மேலே ஏற முடியாமல் போவதால். பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பல பள்ளி வகைகளாகப் பிரிப்பதாக ஜெர்மனி மீது நியாயமான விமர்சனம் உண்டு. அந்த ஜெர்மனியே 2009இல், ‘மைஸ்டர்’ எனப்படும் தலைமைக் கைவினைஞர் தகுதி பெற்றவர் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று முடிவெடுத்தது. பிரித்தது தவறு என்றாலும் பிரித்த இடத்திலிருந்து ஒரு பாதை போட்டார்கள். நம் ஓராண்டு டிரேடுகளிலிருந்து அந்தப் பாதை இன்னும் இல்லை.

ஓராண்டுப் படிப்புகளை ஒழித்துவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்பத்துக்கு ஓராண்டுப் படிப்பு பெரிய ஆறுதல். அதை வைத்துக்கொண்டே கதவைத் திறக்க வழி இருக்கிறது. ஓராண்டு டிரேடு முடித்தவர் ஓராண்டு அப்ரண்டிஸாகப் பணிபுரிந்து, கூடவே கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஓர் இணைப்பு வகுப்பில் தேறினால், அதை ஈராண்டுச் சான்றிதழுக்குச் சமமாக ஏற்கலாம். தையல் படித்த பெண் ஜவுளித் தொழில்நுட்ப டிப்ளமோவுக்கும், வெல்டர் படித்த பையன் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கும் போவதற்கு அது போதும். ஏணியில் ஏறத் தகுதி பெற்ற ஈராண்டு மாணவர்களும் பாலிடெக்னிக் போனதும் கணிதத்தில்தான் சறுக்குகிறார்கள், ஐ.டி.ஐ.யில் படித்த பட்டறைக் கணக்குக்கும் டிப்ளமோவின் பொறியியல் கணிதத்துக்கும் நடுவில் பள்ளம் இருக்கிறது. தமிழில் படித்து வந்தவருக்கு அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். இணைப்பு வகுப்பு அவர்களுக்கும் பயன்படும்.

அப்ரண்டிஸ் கட்டம் தனியாகப் பேச வேண்டியது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்கின்றன 2019 விதிகள்; குறைந்தபட்ச உதவித்தொகையைக் கல்வித் தகுதிக்கேற்ப மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை அவை வைத்தன. ஒரகடம் தொழிற்பேட்டைப் பகுதியில் அறை வாடகையும் சாப்பாடும் போக அந்தத் தொகையில் என்ன மிஞ்சும் என்று அங்கே தங்கி வேலை பார்க்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். கம்பெனிக்குப் பக்கத்தில் சொந்த வீடு உள்ளவர் தாக்குப்பிடிப்பார். விழுப்புரத்திலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வருபவர் பாதியில் திரும்பிவிடுவார். பெண்ணாக இருந்தால் பாதுகாப்பான விடுதி இல்லாமல் கிளம்பவே மாட்டார். பயிற்சியில் சேரும் வாய்ப்பு எல்லோருக்கும் சமம் என்று சட்டம் சொல்கிறது. பயிற்சியில் நீடிக்கும் வாய்ப்பைப் பிறந்த ஊர் தீர்மானிக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் வழியாக அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறோம்; ஐ.டி.ஐ.யில் படிப்போரும் அதில் அடக்கம். நல்ல தொடக்கம். அந்த உதவி அப்ரண்டிஸ் ஆண்டுக்கும் தொடர வேண்டும். தொழிற்பேட்டைகளில் அரசு விடுதிகள் வர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் தேவைப்படுவது பணத்தைவிடக் கவனம். காது கேளாத மாணவருக்கு மெஷின் இரைச்சல் ஒரு தடையே அல்ல. சைகை மொழி தெரிந்த பயிற்றுநர் இல்லாததுதான் தடை. அபாய மணிக்குப் பதில் சுழலும் விளக்கு ஒன்றைப் பொருத்தினால் பட்டறை அவருக்கும் பாதுகாப்பானதாகிவிடும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினாலே போதும். இவற்றுக்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை.

இதற்கெல்லாம் காசு ஏது என்று கேட்பார்கள். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்த டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தமிழ்நாடு கையில் எடுத்தது. சி.என்.சி. இயந்திரங்களும் ரோபோக்களும் வந்து இறங்கியிருக்கின்றன. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரங்களின் முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்பதை உறுதிசெய்ய ஆகும் செலவு, அந்தத் தொகையில் ஒரு சிறு துளி. விடுதி, பெண் பயிற்றுநர் நியமனம், இணைப்பு வகுப்பு ஆகிய மூன்றும் அடுத்த கட்டத் திட்டத்திலேயே சேர்ந்துவிட வேண்டும். சேர்க்கைக்கு முன் மூன்று நாட்கள் எல்லா டிரேடுகளின் பட்டறைகளையும் மாணவர்கள் சுற்றிப் பார்த்து, கருவிகளைத் தொட்டுச் செய்து பார்த்த பிறகே விருப்பக் கட்டத்தை நிரப்பச் சொல்லலாம். அதற்குச் செலவே இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் வேண்டியது கணக்கு. அமெரிக்காவின் தொழிற்கல்விச் சட்டம், ஒரு தொழிலில் ஆண், பெண் இருபாலரில் ஒரு பாலினத்தவர் 25 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அதைத் தனியாக வகைப்படுத்துகிறது. அத்தகைய தொழில்களுக்கான படிப்புகளில் யார் சேர்கிறார்கள், யார் முடிக்கிறார்கள் என்று மாநிலங்கள் கணக்குக் கொடுக்க வேண்டும். அங்கே சமத்துவம் வந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கே வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்கு அதுவும் தெரியாது. அடுத்த ஆண்டு சேர்க்கை அறிவிப்பு வெளியாகும்போது, மொத்த இடங்களின் எண்ணிக்கைக்குக் கீழே இன்னொரு பட்டியலும் வரட்டும்: ஒவ்வொரு டிரேடிலும் கடந்த ஆண்டு சேர்ந்த பெண்கள் எத்தனை பேர், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களில் படித்து முடித்தவர்கள், டிப்ளமோவுக்குப் போனவர்கள், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர். அந்தப் பட்டியலை வெளியிடுமாறு அரசைக் கேட்பது, குலக்கல்வியை எதிர்த்து நின்ற மாநிலத்துக்கு இன்னும் மிச்சமிருக்கும் வேலை.